மூன்று மெசினும் ஒரு ஓமும்

என் காது பொல்லாத காது. அடுத்த வளவில் குழாய் சொட்டினால் இங்கே என் தூக்கம் போய்விடும். ஆனால் முன்னால் நிற்பவர் பேசினால், சத்தம் உடனே வரும், பொருள் அடுத்த பஸ்ஸில்தான் வரும். (எங்கள் ஊர் வாவியில் மீன் பாடும் என்பார்கள், அதுவும் எனக்குக் கேட்கும். என்ன பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.) "என்ன சொன்னீங்க?" என்று மூன்றாம் தரமும் கேட்க வெட்கப்பட்டு நான் கண்டுபிடித்த மருந்துதான் "ஓம்", அதாவது ஆமாம். சிரித்துக்கொண்டே சொன்னால் எல்லாருக்கும் சந்தோசம்.

அப்பா வரம்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட வருடம் அது. நெல் பழுத்து நிற்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. நெல் வெட்டும் மெசின் பிடிக்கும் பொறுப்பு, கம்பஸ் படிப்பு முடித்து வீட்டில் சும்மா இருந்த என் தலையில் விழுந்தது. செங்கலடியில் ஒரு மெசின்காரருக்குப் போன் எடுத்தேன். அவருக்குப் பின்னால் கோழி கத்தியது, யாரோ தகரம் அடித்தார்கள். அவ்வளவும் துல்லியமாகக் கேட்டது. "ஓம் அண்ணே" என்று வைத்துவிட்டேன். அவர் வருவாரா மாட்டாரா என்று விளங்காததால் இரண்டாமவருக்கு எடுத்தேன். அதே காரணத்தால் மூன்றாமவருக்கும்.

மறுநாள் காலை மூவரும் வந்தார்கள். எங்கள் வயல் வட்டைக்குப் போக இருப்பது ஒரேயொரு ஒடுங்கிய பாதை. இரண்டு மெசின் ஒரு பக்கத்தால், ஒன்று மறுபக்கத்தால். நடுவில் மூக்கோடு மூக்கு.

இன்ஜின்கள் உறும, நான் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றேன். மூவரும் கையை ஆட்டி என்னவோ கேட்டார்கள். ("தங்கச்சி, என்னைத்தானே வரச்சொன்னீங்க?" என்று கேட்டார்களாம். பிறகுதான் தெரியும்.) மூவருக்கும் தனித்தனியாக, சிரித்த முகத்தோடு, "ஓம்" என்றேன். அதன்பிறகு ஒருவரும் ஓரங்குலம் பின்வாங்கவில்லை. மழைதான் வந்தது. அரைவாசி நெல் தண்ணீருக்குள் படுத்துவிட்டது.

ஊன்றுகோலோடு அப்பா நனைந்துகொண்டு வந்தார்.

"என்ன புள்ள செஞ்சு வெச்சிருக்காய்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆக்கள் கதைக்கிறது எனக்கு விளங்கிறல்லப்பா. சத்தம் மட்டும்தான் வருது. சின்னனில இருந்தே இப்பிடித்தான்."

அப்பா ஊன்றுகோலைச் சேற்றில் ஊன்றிக் கிட்ட வந்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் சொன்னதுக்கெல்லாம் ஓம், ஓம் எண்டது?"

"ஓம்" என்றேன். அது விளங்கிச் சொன்ன ஓம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ரேடியோவை நிறுத்திவிட்டு, என் முன்னால் வந்து நின்றுதான் பேசுவார். பேசி முடித்ததும், "கேட்ட ஓமா, விளங்கின ஓமா?" என்பார். வீட்டில் எல்லாருக்கும் அது தொற்றிவிட்டது.

என் கல்யாணப் பதிவன்று, "சம்மதமா?" என்று பதிவாளர் கேட்டார். "ஓம்" என்றேன். பேனையை எடுத்தவரை, பின்னாலிருந்து அப்பாவின் குரல் நிறுத்தியது.

"ஐயா, இன்னொருக்காக் கேளுங்க. அது எந்த ஓம் எண்டு பார்ப்பம்."

பதிவாளரும் பேனையை வைத்துவிட்டு, இன்னொரு தரம் கேட்டார்.