துரையைத் தேடிச் செங் போன கதை

சந்தேகப்படுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. அலுவலகத்தில் பேனா காணாமல் போனால் பக்கத்து மேசைக்காரனின் சட்டைப் பையைப் பார்ப்பான். வீட்டில் சர்க்கரை குறைந்தால் எறும்பை முறைப்பான். இளம் வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். (இப்போது திருந்திவிட்டேன் என்று எழுதினால் என் மனைவி படித்துவிட்டுச் சிரிப்பாள். அதனால் எழுதவில்லை.)

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மலாக்காவில் குமாஸ்தா வேலை. வாடகைக்கு வீடு அமையும்வரை காஜா பேராங்கில் மாமியார் வீட்டிலேயே தங்கியிருந்தோம். வீட்டில் மாமியார், என் மனைவி கமலா, ஜிம்மி என்ற நாய், அப்புறம் துரை.

துரை என்பது பூனை. வெள்ளை வெளேரென்று கொழுத்து, ஒரு வேலையும் செய்யாமல், நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் அதிகாரமாகப் பார்க்கும். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் வைத்த பெயர் அது. நான் மருமகனாக வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஊரில் வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரை மட்டும் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. சீனர் கடையில் மஞ்சள் குஞ்சுகளாகப் பார்த்து வாங்கிவந்தேன். தாய்க்கோழி இல்லையே என்ன செய்வது? ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே பல்பு தொங்கவிட்டு, முன்பக்கம் கம்பி வலை அடித்தேன். குளிருக்குப் பல்பு, பூனைக்கு வலை. கடையில் இருந்ததிலேயே பெரிய பல்பாக வாங்கினேன், குஞ்சுகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது பாருங்கள்.

வேலை முடிந்து நிமிர்ந்தால், துரை வலைக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வலைமேல் ஒரு பலகை அடித்தேன்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்து பெட்டியைத் திறந்தேன். குஞ்சு குறைவது போலிருந்தது. நேரே போய்த் துரையைத் தூக்கி வாயை மோந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டு வாசம்.

"என்ன மாப்பிள்ளை, பூனைக்கு முத்தமா?" என்றார் மாமியார்.

"இல்ல அத்தை, விசாரணை."

"துரை உயிருள்ளதைத் தொடாது மாப்பிள்ளை. எலி வந்தாகூட எந்திரிச்சு வழி விடும்."

நான் கேட்காமலே இவர் ஏன் சாட்சி சொல்கிறார்? மாமியாரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

"என்னங்க, பெட்டிக்குக் கொஞ்சம் காத்து வேணும்" என்றாள் கமலா.

"காத்து போற வழியில பூனை கையும் போகும்" என்று இன்னொரு பலகை அடித்தேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் நான் குறித்துக்கொண்டேன்.

குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. மேலே செங்கல் வைத்தேன். அப்படியும் குறைந்தது. நாய் மூக்கால் செங்கல்லை நகர்த்த, பூனை கைவிட்டு எடுக்க, இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று முடிவு செய்தேன். (சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.) ஜிம்மியை ஜம்பு மரத்தில் கட்டிப்போட்டேன். மறுநாளும் ஒன்று இல்லை. ஓர் இறகு கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுகிற பூனையோடு ஒரே கூரையின் கீழ் தூங்குகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பயமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாவும் மகளும் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். துரையைச் சாக்கில் போட்டேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் செங்குக்கு மிதித்தேன். அப்போது அங்கே தொழிற்சாலைகள் ஏது, ரப்பர் மரங்கள்தான். ஒரு தோட்டத்து ஓரமாக இறக்கிவிட்டேன். துரை வெளியே வந்து, என்னைத் திரும்பியும் பார்க்காமல் முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

மதியச் சாப்பாட்டில் அறிவித்தேன்: "இனிமே குஞ்சு குறையாது. துரைக்குச் செங்குக்கு மாற்றல் ஆகிடுச்சு."

மாமியார் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போனார். அடுத்த நிமிஷம் அழுகைச் சத்தம் கேட்டது. மாமனார் கடைசி வரைக்கும் தன் தட்டிலிருந்து ஊட்டி வளர்த்த பூனை அது. கமலா என் கையைப் பிடித்துப் பின்பக்க வேலிக்கு இழுத்துப் போனாள்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் மைமூனின் முற்றத்தில் ஒரு புள்ளிக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் பழுப்புக் குஞ்சுகள். நடுவே என் மஞ்சள் குஞ்சுகள்.

"நீங்க வேலைக்குப் போனதும் திறந்து பார்ப்பேன். சூடு தாங்காம வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கும். காத்து வேணும்னு சொன்னேன், நீங்க பலகை அடிச்சீங்க. வாடிப்போனதை ஒவ்வொண்ணா எடுத்து மக்சிக்கிட்ட கொடுத்தேன். அவங்க கோழி அடையற நேரத்துல சிறகுக்கடியில விட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மக்சிக் மேல சந்தேகப்படுவீங்க."

(வேலிக்கு வரும்போதே சந்தேகப்பட்டுவிட்டேன்.)

சாப்பாட்டை முடிக்காமலே, நெத்திலியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு திரும்பவும் செங்குக்கு மிதித்தேன். மரங்களுக்கு நடுவே "துரை, துரை" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பிறகு சத்தமாக. ஒரு பங்களா வேலியோரம் செடி அசைந்தது.

"துரை, கோவப்படாத. நான் செஞ்சது தப்புதான். வா, வீட்டுக்குப் போவோம். அத்தை அழுறாங்க. நெத்திலி வச்சிருக்கேன்."

செடியை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அரைக்கால் சட்டை, சிவந்த முகம். அவருக்குப் பின்னால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எந்த அத்தை அழுது?" என்றார் வெள்ளைக்காரர், தோட்டத் தமிழில்.

என் கை நெத்திலியை நீட்டியபடியே நின்றது. "பூனைங்க, ஐயா" என்றேன்.

"பூனை பேர் துரையா?"

கிராணி வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். வெள்ளைக்காரர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். மூட்டை கட்டிய பெட்டிகளுக்கு நடுவே, அவருடைய சாய்வு நாற்காலியில், பால் குடித்த வாயோடு துரை படுத்திருந்தது.

"அந்தத் துரையைக் கூட்டிட்டுப் போ" என்றார். "இந்தத் துரை கப்பல்ல போறார்."

துரையை மடியில் வாங்கிக்கொண்ட மாமியார் என்னிடம் பேச வெகுநாள் ஆயிற்று. மிச்சக் குஞ்சுகளையும் மக்சிக்கின் கோழியே வளர்த்தது.

கிராணி சும்மா இருப்பாரா? கதை எனக்கு முன்னாலேயே மலாக்காவுக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் பண்டார் ஹிலிர் கோட்டைப் பக்கம் நடக்கும்போது வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி யாராவது எதிரே வந்தால், என் மகள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அப்பா, கூப்பிட்டுடாதீங்க. வீட்டுல இடமில்ல."