இது நீங்களா?

குளிரறைக் கதவின் கைப்பிடியை முனீப் இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டிருந்தபோது சிவரூபன் ஓடி வந்தான். உள்ளே, இறக்கக்கண்டிப் படகுகள் இறக்கிய நானூறு கிலோ சூரை மீன். வெளியே, உறுமிக்கொண்டு லொறி. பன்னிரண்டுக்குள் புறப்படாவிட்டால் கட்டுநாயக்கவில் விமானம் தவறிவிடும்.

“புதுப் போனால துறக்கப் பார்த்தன் சேர். ‘இது நீங்களா?’ எண்டு மெசேஜ் வந்திச்சு. ஓமெண்டு அனுப்பினன். உடன என்னைப் பூட்டிப்போட்டுது,” என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் முனீப்.

கதவுகளைப் போன் வழியாகத் திறந்து பூட்டும் அந்தக் காவல் மென்பொருளைப் போன கிழமை பொருத்தியதே சிவரூபன்தான். சந்தேகம் வந்தால் அதுவே கேள்வி கேட்கும். பதில் பிடிக்காவிட்டால் அதுவே ஆளைப் பூட்டும். மனிதர் தலையிடத் தேவையில்லை. “சென்னையில செய்தது, தமிழிலயே கேட்கும், பயப்பிடாதேங்கோ,” என்று எல்லோருக்கும் வகுப்பும் எடுத்திருந்தான்.

லப்டொப்பைத் திறந்து முனீப்பை விடுவித்தான். பூட்டிய ஆளை விடுவிப்பதா? மென்பொருளுக்குச் சந்தேகம் முற்றியது. ஆறு மேற்பார்வையாளர்களிடமும் ‘இதற்கு நீங்கள் உடன்படுகிறீர்களா?’ என்று கேட்டது. ஆறு பேரும் உண்மையைச் சொன்னார்கள். ஆறு பேரும் பூட்டுப்பட்டார்கள்.

மனேஜர் பூரணி போனும் கையுமாக வந்தார்.

“என்னையும் பூட்டிட்டுது, தம்பி.”

“நீங்களும் ஓமெண்டுதானே அனுப்பினீங்கள், மிஸ்?”

“ஓம், ஓமெண்டுதான் அனுப்பினனான். மீன் போகாட்டி நீங்களும் வேலைக்கு வர வேண்டாம்.”

வேறு வழியில்லை. மென்பொருளையே நிறுத்தப்போனான். ‘இது நீங்களா?’ ‘ஓம்’ என்ற இரண்டெழுத்தையும் தடவித் தடவிச் சரிபார்த்து அனுப்பினான்.

சைரன் அலறியது. லப்டொப்பும் பூட்டிக்கொண்டது. மணி பதினொன்று ஐம்பது.

“நல்ல காவல். முதலாளியும் உள்ளுக்கு வர ஏலாது,” என்றார் முனீப்.

அப்போது ‘டக்’ என்று குளிரறைக் கதவு திறந்தது. பக்கத்தில் போனோடு நின்றாள், முந்தாநாள் வாசல் கேற்றில் காவல் வேலைக்குச் சேர்ந்த சுஹைரா.

“லொறிக்காரன் கத்துறான் சேர். அதுதான் துறந்தனான்.”

“உம்மட்டக் கேள்வி கேட்கேல்லையோ?”

“கேட்டுது.”

“என்ன அனுப்பினீர்?”

“‘ஆம்’ எண்டு அனுப்பினனான். சென்னைச் சாமானுக்கு எங்கட ‘ஓம்’ விளங்குமோ, சேர்?”