மாமனாருக்கு வாங்கின ஐஸ் பாளம்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மாமனாரு ஒடம்பு சூடாவாம பாத்துக்கணும்.

வெள்ளைக்காரன் போயி கொஞ்ச வருஷம்தான் ஆயிருந்திச்சி. நாங்க ராயபுரத்துல குடியிருந்தோம். எனக்கு ஹார்பர்ல மூட்டை எண்ணுற வேலை. எம்பொண்டாட்டி சரோஜாவோட நைனா எங்ககூடத்தான் இருந்தாரு. ரயில் இஞ்சின் ஓட்டி ரிடையர் ஆனவரு. அக்னி நட்சத்திரத்துலயும் கறுப்புக் கோட்டு போட்டுகினுதான் வெளிய போவாரு. கோட்டு இல்லாட்டி ஸ்டேஷன்ல யாருக்கும் அடையாளம் தெரியாதாம்.

மொத நாள் மத்தியானம் அந்தக் கோட்டோட மார்க்கெட்டுல மயங்கி விழுந்துட்டாரு. தூக்கினு வந்து போட்டாங்க. கம்பவுண்டர் வந்து பாத்தாரு.

"வயசானவங்களுக்கு வெயில் ஏறறது தெரியாதுப்பா. தாகம்கூட எடுக்காது. திடீர்னு ஆளைச் சாச்சிடும். மத்தியானத்துல வெளிய வுடாத. அவரு கேக்காட்டியும் மோரு குடுத்துகினே இரு. ஒடம்பக் குளுமையா வெச்சிக்கோ."

இத அப்படியே மாமாகிட்ட சொன்னேன்.

"பாய்லர் முன்னாடி நின்ன ஒடம்பு மாப்ளே இது. வெயில் என்னிய இன்னா பண்ணும்?"ன்னாரு, எழுந்திருக்க முடியாம படுத்துகினே.

எங்க வூட்ல கரண்டு கெடையாது. தகரக் கூரை வேற. விசிறி வீசி வீசி சரோஜாவுக்குக் கை வீங்கிடுச்சி. அப்பதான் எனக்கு மூளை வேலை செஞ்சிது. அது வேலை செய்ய ஆரம்பிச்சாலே சரோஜாவுக்குப் பயம்.

காசிமேட்டுல மீனுக்கு ஐஸ் போடற கம்பெனி ஒண்ணு இருந்திச்சி. வேலைக்கு லீவு சொல்லிட்டு அங்க போனேன்.

"பாளமா ஒண்ணு வோணும். மாமனாருக்கு"ன்னேன்.

ஐஸ்காரரு கையில இருந்த பீடியக் கீழ போட்டாரு. "எப்போ?"

"நேத்து மத்தியானம். மார்க்கெட்டுல விழுந்துட்டாரு."

"த்சொ த்சொ. வெளியூர்லேர்ந்து ஆளுங்க வரணுமா?"

"மச்சான் அரக்கோணத்துலேர்ந்து வரான். சாயங்காலம் வரைக்கும் தாங்கினா போதும்."

"ஆளு ஒசரமா?"

"நல்ல ஒசரம்."

"அப்ப பெரிய பாளமா எடுத்துக்கோ. கவலப்படாத, மரத்தூளு கொட்டித் தரேன்."

வியாபாரிக்கு இன்னா அக்கறை பாருன்னு எனக்கு மனசு நெறைஞ்சிடுச்சி.

ரிக்‌ஷாக்காரரு ஐஸப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. தலைப்பாகைய அவுத்து இடுப்புல கட்டிகினாரு. வண்டிய மெதுவா இழுத்தாரு.

"சீக்கிரம் போப்பா, கரையுது"ன்னேன்.

"மனசத் தேத்திக்கோ நைனா"ன்னாரு.

வழியில டீக்கடையில ஒக்காந்திருந்தவங்கல்லாம் எழுந்து நின்னாங்க. ஒருத்தர் கேட்டாரு, "யாருக்குப்பா?"

"நம்ம இஞ்சின் டிரைவருக்கு"ன்னு நானே பெருமையா சொன்னேன். மாமனாரக் கவனிச்சிக்கிற மருமவன்னு ஊருக்குத் தெரியட்டுமே.

வூட்டுக்கு வந்து ஐஸ அண்டாவுல போட்டு கயித்துக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். மாமா மொதல்ல, "நான் இன்னா வஞ்சிர மீனா?"ன்னு கத்தினாரு. கொஞ்ச நேரத்துல குளுமை ஏறவும் மூஞ்சில ஈரத்துணியப் போட்டுகினு தூங்கிட்டாரு. சரோஜா பின்னாடி மோர் கடையப் போயிட்டா. நான் கதவச் சாத்திட்டு, வாசல்ல ஒக்காந்து வேர்வையத் தொடச்சிகினு இருந்தேன்.

எதிர் வூட்டு அம்மா வந்து கையப் புடிச்சிகினாங்க. "ரொம்ப கஷ்டப்பட்டாராப்பா?"

"இல்லம்மா. படுத்த ஒடனே கண்ண மூடிட்டாரு."

அந்தம்மா நெஞ்சில அடிச்சிகினு ஒப்பாரிய ஆரம்பிச்சாங்க. எனக்கு விஷயம் அப்பதான் வெளங்கிச்சி. ஆனா அதுக்குள்ள தெருக்கோடியில ரிடையரான ரயில்வே ஆளுங்க கும்பலா வந்துகினு இருந்தாங்க. எல்லாரும் கெழவங்க. உச்சி வெயிலு. ஒருத்தர் காலுலயும் செருப்பு இல்ல. ஒருத்தர் மாலையோட வந்தாரு.

முன்னாடி வந்தவரு வண்ணாரப்பேட்ட காதர் பாய். மாமாவோட இஞ்சின்ல கரி தள்ளினவரு. ஏதோ ஒரு சண்டையில பேச்சு வார்த்தை நின்னு பல வருஷம் ஆச்சி. அவ்ளோ தூரமும் நடந்தே வந்திருந்தாரு.

"ஒரு வார்த்த பேசாம பூட்டியே"ன்னு தேம்பித் தேம்பி அழுதாரு.

"பாய், அழாதீங்க. அவரு உயிரோடதான் கீறாரு"ன்னேன்.

"ஆமாப்பா. நம்ம மனசுல உயிரோடதான் கீறாரு."

"அய்யோ, உள்ள கீறாரு பாய்."

"உள்ளதாம்பா. நெஞ்சுக்குள்ள."

சொல்லிகினே இருந்தவரு வார்த்த கொழற ஆரம்பிச்சாரு. ஒடம்பு அனலாக் கொதிச்சிது. அப்படியே எம்மேல சாஞ்சிட்டாரு. பக்கத்துல இன்னும் ரெண்டு பேரு தலை சுத்துதுன்னு சொவத்தப் புடிச்சிகினாங்க. ஒரு கெழவரக் காப்பாத்தறேன்னு கெளம்பி, ராயபுரத்துல இருந்த கெழவங்க எல்லாரையும் வெயில்ல வாட்டிட்டேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அப்ப கதவு தெறந்திச்சி. ஈரத்துணி தொங்க மாமா வந்து நின்னாரு. மாலை கொண்டாந்தவரு அதக் கீழ போட்டுட்டு ஓடினாரு.

"வேடிக்க பாத்துகினு நிக்கிறியே மாப்ளே, காதர உள்ள தூக்கு"ன்னாரு.

கட்டில்ல படுக்க வெச்சோம். பொத்தானக் கழட்டி, ஈரத்துணியால ஒடம்பு பூரா தொடச்சோம். மாமா பக்கத்துலயே நின்னு விசிறினாரு. மத்தவங்க அண்டாவச் சுத்தி ஒக்காந்து, சரோஜா கடைஞ்ச மோர வாங்கி வாங்கிக் குடிச்சாங்க.

கொஞ்ச நேரங்கழிச்சி பாய் கண்ணத் தொறந்தாரு. மேல மாமா மூஞ்சி. கீழ ஜில்லுன்னு காத்து.

"நானும் வந்துட்டேனா?"ன்னு மெதுவா கேட்டாரு.

"வந்துட்ட. மோரு தராங்க, குடி"ன்னாரு மாமா.

குடிச்சி முடிச்சதும், பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரயிலு லேட்டானது யாராலன்னு ரெண்டு பேரும் வுட்ட எடத்துலேர்ந்து சண்டைய ஆரம்பிச்சிட்டாங்க. சரோஜா ஓரமா திரும்பிக் கண்ணத் தொடச்சிகினா. அப்புறம் என்னிய ஒரு பார்வ பாத்தா. நான் தெருமுனைக்குப் போயிட்டேன். எழவுக்குன்னு வரவங்களத் திருப்பி அனுப்பற வேலை இருந்திச்சி.

அடுத்த வருஷம் ஐஸ் வாங்க வெயில் ஏறறதுக்கு முன்னாடியே போனேன். மாமாவையும் ரிக்‌ஷாவுல ஐஸ் பக்கத்துலயே ஒக்கார வெச்சி கூட்டினு வந்தேன். வழியில எழுந்து நின்னவங்களுக்கெல்லாம் அவரே சலாம் வெச்சிகினு வந்தாரு.