ஊசிப் பேச்சு பேசக் கூடாது

"பொரிச்ச கோழி அப்படியே கிடக்குதுங்க" என்று தட்டைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் மனைவி. "மணி ரெண்டாச்சு. இந்நேரத்துக்கு வழிச்சுத் துடைச்சிருப்பாங்களே!"

கேன்டீன்காரர் எட்டிப் பார்த்தார். கோழி கிடந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் குவித்தது குவித்தபடி இருந்தது. கேக் துண்டுகளை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் கேன்டீன் நடத்த ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு மதியத்தை அவர் கண்டதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குக் கை தாராளம். "நம்ம கேன்டீன்ல சாப்பிட்டவனை எழுப்பி விட ரெண்டு பேர் வேணும்" என்று பெருமையடித்துக்கொள்வார். டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் என்று அத்தனை பேரும் அங்கே மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டே பழகியவர்கள்.

"எல்லாம் அந்த எதிர் ரூமால வந்த வினை" என்றார்.

எதிர் ரூம் கதவில் போன வாரம்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உடம்பு இளைக்க வாராவாரம் ஊசி. முதலில் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு, அப்புறம் பொதுமக்களுக்கு. அரசாங்கம் சொன்ன காரணமும் நியாயமானதுதான். முட்டி வலி, மூச்சு இரைப்பு, முதுகுப் பிடிப்பு என்று வைத்தியம் பார்க்க வேண்டியவர்களே லீவில் போய்விட, நோயாளிகள் விடிந்ததும் வந்து பொழுது சாயும்வரை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரூமுக்கென்று ஒரு நர்ஸைப் போட்டிருந்தார்கள். 'ஊசியம்மா' என்று உடனே பெயர் வைத்தாகிவிட்டது. தங்கமான மனுஷி. ஆனால் குரல் வெண்கலம். உள்ளே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, எடை பார்த்து அவர் வாசித்தால், எதிரே கேன்டீனில் வாயில் கவளத்தோடு இருப்பவருக்கும் கேட்கும்.

"மூணு மாசத்துல கான்ட்ராக்ட் முடியுது" என்றாள் மனைவி மெதுவாக. "வியாபாரம் படுத்துடுச்சுன்னா பெரிய டாக்டரம்மா நமக்கு மறுபடி கொடுப்பாங்களா? இதை விட்டா நமக்கு வேற என்னங்க தெரியும்?"

கேன்டீன்காரர் பதில் சொல்வதற்குள், ஆம்புலன்ஸ்காரர் எதிர் ரூமிலிருந்து கையில் பஞ்சை அழுத்தியபடி வந்தார். பெரிய உடம்பு. அவர் உட்கார்ந்தால் பெஞ்சின் மறு முனையில் இருப்பவர் கொஞ்சம் எழும்புவார். ஒரு வேளைக்கு இரண்டு தட்டு கோழி தின்கிற வாடிக்கையாளர்.

"ஒரு டீ மட்டும் கொடுங்கண்ணே."

"டீ மட்டுமா? கோழி சூடா இருக்கு!"

"வேணாம்ணே. அந்த ரூமுக்குப் போயிட்டு வந்தா தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது."

கேன்டீன்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கோழியைப் பார்த்தாள். ஒரே ஊசியில் இப்படியா என்று அவர் மலைத்துப்போனார். மலைப்பு தீர்ந்ததும் கோபம் வந்தது. ஓர் அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, கல்லாவுக்கு மேலே மாட்டினார்: 'இங்கே ஊசிப் பேச்சு பேசக் கூடாது.'

"இது எதுக்குங்க?"

"அடிமடியில கை வைக்கிற சமாச்சாரத்தை நம்ம இடத்திலேயே உட்கார்ந்து பேசுவாங்களா? என் காதுல விழவே கூடாது!"

ஊழியர்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனாலும் நல்ல ஜனங்கள், மதித்தார்கள். யாராவது "ஏன்ப்பா, அந்த ஊசி..." என்று ஆரம்பித்தால், "உஷ், அண்ணன் கோவிச்சுக்குவார்" என்று பக்கத்தில் இருப்பவர் வாயைப் பொத்துவார்.

பசி குறைந்தவனுக்கு முழுத் தட்டைப் பார்த்தாலே பயம் வரும் என்று கேன்டீன்காரர் கணக்குப் போட்டார். மறுநாளே அரைத் தட்டு, பாதி விலை என்று அறிவித்தார்.

விளைவு என்ன? முழுத் தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த மிச்சசொச்சம் பேரும் அரைத் தட்டுக்கு மாறினார்கள்.

"நல்லா யோசிச்சீங்க போங்க" என்றாள் மனைவி. "இருந்த வியாபாரத்தையும் நீங்களே ரெண்டா வெட்டிட்டீங்க."

"பொறு. அந்த மருந்து போட்டவங்களுக்கு எண்ணெய் வாசனையே குமட்டுமாம். லேப்ல வேலை பார்க்கிற தம்பி முன்னாடியே சொன்னான். வாணலியை இறக்கு."

வாணலி இறங்கியது. காய்கறி சூப் ஏறியது. வேகவைத்த பருப்பும், ஆவியில் வெந்த மீனும், கீரையும் வந்தன. சமையலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த சூப்பை ஒரு தடவை குடித்தவர்கள் மறுநாளும் தேடி வந்தார்கள். வந்து, சூப்பை மட்டும் குடித்துவிட்டு, "ஆஹா, வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று எழுந்து போனார்கள். எழுப்பி விட ஆளே தேவைப்படவில்லை. அவர் மனம் உடைந்துபோனது.

ஒரு நாள் எதிர் ரூமில் ஊசியம்மா போனில் கத்துவது கேட்டது. "பெட்டியை எப்பதான் அனுப்புவீங்க? இங்க வரிசையில நிக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

"பாத்தியா?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "பெட்டி பெட்டியா காலி ஆகுது. என்ன கிராக்கி பாரு!"

பொறாமைப்பட வேண்டிய மனிதர், நிஜமாகவே வியந்து நின்றார். அதுதான் அவர் குணம். அடுத்தவன் கடையில் கூட்டம் நின்றாலும் சரக்கு நல்ல சரக்கு என்றால் ஒத்துக்கொள்வார்.

ஆனால் வியந்தால் வயிறு நிறையுமா? எதிர் ரூமைவிட்டு வெளியே வருகிறவன் கண்ணில் கேன்டீன் படுவதால்தான் இந்தக் கோலம், இடத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினார். நாலாவது மாடியில் பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த ஒரு பெரிய அறை கிடந்தது. நல்ல வெளிச்சம், நல்ல காற்று. நேராகப் பெரிய டாக்டரம்மாவிடம் போனார்.

பெரிய டாக்டரம்மா அதிகம் பேச மாட்டார். ஆஸ்பத்திரியே அவர் தலையில்தான் ஓடுகிறது, பேச நேரம் ஏது?

"நாலாவது மாடியா? லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்தான். தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டரம்மா."

"எல்லாரும் படியேறித்தான் வரணும்."

"பசிச்சவங்க ஏறி வருவாங்க டாக்டரம்மா."

அவர் கேன்டீன்காரரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அபூர்வமாகச் சிரித்தார். "சரி, செய்ங்க" என்றார்.

அடுப்பும் அண்டாவும் அந்த அட்டையும் மேலே போயின. ஊழியர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் முதல் நாள் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் வாசற்படியில் சாய்ந்தேவிட்டார்.

"அண்ணே, சூப்பு! இல்லேன்னா என்னையே ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க!"

ஏறி வந்த களைப்பில் பாதிப் பேர் தண்ணீரும் சூப்பும் குடித்துவிட்டு இறங்கினார்கள். கேன்டீன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் விடுகிற ஆளா? மதியம் சாப்பிட்டவர்கள் சாயங்காலம் மறுபடி வந்தால் டீ இலவசம் என்று அறிவித்தார். ஊசி போட்டவர்களுக்கு இனிப்பு பிடிக்காது என்று நினைத்துச் சர்க்கரையையும் நிறுத்தினார்.

இலவசம் என்றால் சும்மாவா? சாயங்காலமும் ஏறினார்கள். சர்க்கரை இல்லாத டீயை ஊதி ஊதிக் குடித்து, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்து, சிரித்துப் பேசி, கல்லாப்பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கினார்கள்.

"இனிமே மேல வர்றவங்களுக்கு நாமே ஏதாவது கையில கொடுத்து அனுப்பலாம்" என்றாள் மனைவி. "அது ஒண்ணுதான் பாக்கி."

இதற்கிடையே ஆஸ்பத்திரியின் முகமே மாறிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த நர்ஸ்கள் வார்டில் விறுவிறுவென்று போய் வந்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்த எக்ஸ்ரேக்காரர் தினமும் வந்தார். பெஞ்சுகளில் நோயாளிகள் தேங்கி நிற்கவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸ்காரரின் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட இடமில்லை.

ஒரு நாள் அவர் மேலே வந்தபோது இரைக்கவே இல்லை.

"அண்ணே, இன்னைக்கு ஒரு வீட்டு மூணாவது மாடி. நெஞ்சு வலி. முன்னாடியெல்லாம் நான் கீழே வண்டியிலேயே இருந்துடுவேன், வேற ஆள் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருப்பாங்க. இன்னைக்கு நானே ஏறி, நானே தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆள் போயிருப்பாராம்."

 கேன்டீன்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் பிழைப்பில் மண்ணைப் போட்ட மருந்துதான், ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றிய மருந்தை எப்படித் திட்டுவது? ஒரு கிண்ணம் சூப்பைத் தன் கணக்கில் ஊற்றிக் கொடுத்தார்.

அன்று கடையை மூடும்போது மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க பேண்ட் ஏன் இப்படித் தொளதொளன்னு தொங்குது? எனக்குத் தெரியாம நீங்களும் ஊசி போட்டுக்கறீங்களா?"

"அட நீ வேற! காய்கறி மூட்டையைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்கறேன். போதாக்குறைக்குக் கவலை வேற. உருகிட்டேன்."

மூன்று மாதம் ஓடியது. பெரிய டாக்டரம்மா கூட்டத்துக்கு வரச் சொன்னதாக ஆள் வந்தது. தலைமை அலுவலகத்து அதிகாரி வந்திருக்கிறாராம்.

"முடிஞ்சுது" என்றார் கேன்டீன்காரர். "பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வை."

"நானும் வர்றேன். திட்டறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்தே திட்டட்டும்" என்று அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட்ட அறையில் உட்கார இடமில்லை. கேன்டீன்காரர் கதவோரமாக நின்றார். ஊசியம்மாவும் கதவோரமாகத்தான் நின்றிருந்தார்.

"ஊழியர்கள் லீவு பாதியா குறைஞ்சிருக்கு" என்றார் அதிகாரி. "நோயாளிகள் காத்திருக்கிற நேரமும் குறைஞ்சிருக்கு. எடையைப் பார்த்தா எனக்கே நம்ப முடியல. என்ன டாக்டர் செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல. செஞ்ச ஆளு அதோ, கதவுகிட்ட" என்றார் பெரிய டாக்டரம்மா.

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கேன்டீன்காரர் ஊசியம்மாவைப் பார்த்துத் திரும்பி நின்று, அத்தனை பேரையும்விடப் பலமாகக் கை தட்டினார். ஊசியம்மாவும் அவரைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். தனக்குத்தானே தட்டிக்கொள்கிறாரே என்று தோன்றியது. தட்டட்டும், இவ்வளவு உழைத்தவர் தட்டிக்கொண்டால்தான் என்ன என்று சமாதானமும் ஆனார்.

"கேன்டீன்காரரே" என்று கூப்பிட்டார் பெரிய டாக்டரம்மா.

 மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கான்ட்ராக்ட் இன்னும் மூணு வருஷம். நோயாளிங்களுக்கும் இனிமே நீங்கதான் சமைக்கறீங்க. அதுக்குத் தனியா பணம் வரும். தயவுசெஞ்சு எதையும் மாத்தாதீங்க."

அவருக்குக் கண் முன்னே எல்லாம் கலங்கித் தெரிந்தது. "டாக்டரம்மா... நான் என்ன செஞ்சேன்... இதெல்லாம் அந்த ஊசியோட..."

"அண்ணே! போர்டு! ஊசிப் பேச்சு பேசக் கூடாது!" என்று கத்தினார் ஆம்புலன்ஸ்காரர். அறையே குலுங்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார்.

வெளியே வந்ததும் கேன்டீன்காரர் மூக்கை உறிஞ்சினார். "பாவம் பாத்துக் கொடுத்திருக்காங்க. வியாபாரமே இல்லாதவனுக்கு மூணு வருஷம்! நல்லவங்க."

"எப்படியோ, கொடுத்தாங்களே!" என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

"முதல்ல அந்த அட்டையைக் கழட்டிப் போடணும். எத்தனை பேருக்கு வாழ்வு கொடுத்த மருந்து! அதைப் போய்ப் பேசக் கூடாதுன்னு எழுதி வச்சேனே, என் புத்தியை எதால அடிக்கிறது? அந்த ஊசியை ஒரு தடவை கண்ணால பார்த்துக் கையெடுத்துக் கும்பிடணும்."

"கும்பிடுங்க. அதோ, பெட்டியே வருது."

வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. ஐஸ் வைத்துக் கட்டிய பெட்டியைத் தோளில் தாங்கி இறங்கிய டிரைவர், அவரைப் பார்த்ததும் நின்றார்.

"அண்ணே, உடம்பு இளைக்கிற ஊசியாம், எங்க வைக்கிறது? மூணு மாசமா இதோ அதோன்னு இழுத்தடிச்சு, இந்த ஆஸ்பத்திரிக்கு முதல் பெட்டியே இன்னைக்குத்தான் வருது!"