மச்சம் இல்லாத முகம்

“தம்பி, அந்த மச்சத்தைத் தூக்கிடு. பாட்டு நடுவுல கன்னத்துல ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கு” என்றார் தயாரிப்பாளர்.

படத்துக்கு நிறம் திருத்துகிற கலரிஸ்ட், கணினியில் மச்சத்தைத் தூக்கினார். புதுமுகக் கதாநாயகி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு, அண்ணே?”

“சேச்சே! இனி தெரியவே தெரியாதும்மா.”

மச்சம் போனதும் கன்னம் வெறிச்சோடியது. நிறத்தை ஏற்றினார்; மூக்கு கரைந்தது. கண்ணோரக் கோடுகளை வழித்தார்; இமைகள் அசைவதை நிறுத்திக்கொண்டன. அந்த முகமே போஸ்டராகித் தெருவெல்லாம் ஏறியது. அதன்பின் கதாநாயகி ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, “ஓய்வுல இருக்கா” என்று வைத்துவிடுவாள்.

படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். திரையில் அவள் சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை.

“ஏன்யா என்னையே பார்க்குறா?”

“ஹீரோவைத்தான் பார்க்குறாங்க, சார்.”

“இல்லய்யா, என்னைத்தான்!” தயாரிப்பாளர் வேறு நாற்காலிக்கு மாறினார். பார்வையும் கூடவே வந்தது.

இசையமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். திரையில் அழகி வந்தால் வயலின், அவளுடைய குண்டுத் தோழி வந்தால் ட்ரம்பெட். அவருக்கு அது பல் துலக்குவது போலப் பழக்கம். ஆனால் அந்த முகத்தின் மேல் வயலின் ஏறியதும், யாரோ கதவை நகத்தால் சுரண்டுவது போலிருந்தது. வயலினை நீக்கினார்; அந்த நிசப்தத்தில் முகம் இன்னும் கிட்டே வந்தது.

ட்ரம்பெட் கொக்கரித்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“அப்பாடா, தோழி வந்துட்டா! அவளாவது மனுஷியா இருக்கா” என்ற தயாரிப்பாளர், கலரிஸ்ட் பக்கம் திரும்பினார். “நாளைக்குள்ள என் ஹீரோயின் திரும்பி வரணும். இல்லேன்னா நீ வரவேண்டாம்.”

கலரிஸ்ட் தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூக்கு வந்தது. இமை துடித்தது. கடைசியாக மச்சம் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

மறுநாள் அதைத் திரையில் பார்த்த தயாரிப்பாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “இதான்யா முகம்! எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே? அந்தப் பொண்ணை வரச் சொல்லு, பார்த்துச் சந்தோஷப்படட்டும்.”

“இன்னைக்கு வர்றதா அவங்க அம்மா சொன்னாங்க, சார்.”

அப்போது புதிதாகச் சேர்ந்த காவலாளி கதவைத் திறந்து, திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், ஒரு பொண்ணு வந்து நான்தான் ஹீரோயின்னு சொல்லுது. அப்படியே போஸ்டர் மூஞ்சி, கண்ணுகூடச் சிமிட்டல… ஆனா இந்தப் படத்துல இருக்குற பொண்ணு மாதிரி இல்லையே, உள்ள விடவா?”