சுவரில் ஏறிய மூன்று இனங்கள்

புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் எதையும் சத்தமாகச் செய்ய உரிமை கிடையாது; இறைச்சி மெல்லுவதைக்கூட. அந்த நிலையில்தான் கற்பிட்டியில், பெண் வீட்டுக் கிணற்றடிக்கு, ஒரு வாளி நிறையத் தொப்பிச் சிப்பிகளைக் கொண்டுவந்தேன். (கடற்பாறையில் குட்டித் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒட்டிக் கிடக்குமே, அதுதான்.)

பல்கலைக்கழக விரிவுரையாளர் அம்மா ஒருவரிடம் தற்காலிக உதவியாளர் வேலை. அந்தச் சிப்பிப் பேரினத்தை இனம் இனமாகப் பிரிக்க வேண்டும். மாலையில் அந்த அம்மா வந்து பார்த்துச் சரியென்றால் வேலை நிரந்தரம். பிறகு மாமியின் சோற்றை நிமிர்ந்து உட்கார்ந்து தின்னலாம்.

ஓட்டைப் பார்த்தேன். உயரம், தட்டை, வரிவரி. மூன்று இனம்! மனைவியின் நகப்பூச்சால் முதுகில் சிவப்பு, ஊதா, வெள்ளி என்று பொட்டு வைத்தேன். அசையாததால் எல்லாம் மௌத்து, செத்துப்போனவை என்று நம்பிக்கை. பளபளப்புக்காகக் கடல் தண்ணீர் தெளித்து, சுவரோரம் மூன்று தட்டில் அடுக்கிவிட்டுத் தூங்கிப்போனேன்.

பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன் கரண்ட் போயிற்று. தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்யக் கிணற்றடிக்குப் போன மாமியின் குரல் கேட்டது. அலறல் இல்லை, அதைவிட மோசம், மெல்லிய குரல்.

"மருமகன்... சுவர் என்னப் பாக்குது."

ஓடினேன். பாசி பிடித்த சுவரில், அணைகிற வெளிச்சத்தில், வெள்ளிப் புள்ளிகள் மினுங்கி மினுங்கி ஏறிக்கொண்டிருந்தன. உள்ளிருந்து யாரோ பல்லால் சுரண்டுவதுபோல் க்ர்ர்... க்ர்ர்... காற்று செத்திருந்தது. தென்னோலைகூட மூச்சு விடவில்லை. மாமி ஓதினார். நானும் ஓதினேன்; பாதியில் மறந்து (வெட்கக்கேடு) தொடக்கத்துக்கே திரும்பினேன்.

விரிவுரையாளர் அம்மா கைபேசி வெளிச்சத்தோடு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

"ஜின், பேய் ஒண்டும் இல்ல மாமி. சிப்பிக்குத் தண்ணி பட்டிருக்கு, நடக்க வெளிக்கிட்டிருக்கு. பாசி தின்னுது. அதுட நாக்கு முழுக்கப் பல்லு."

"அது ஜின்னவிட மோசமில்லையா புள்ள?"

விரிவுரையாளர் நிறத்துக்கு ஒன்றாகப் பிடுங்கி, கொண்டுவந்த சின்ன நுணுக்குக்காட்டியில் நாக்கை வைத்துப் பார்த்தார்.

"மூணுக்கும் ஒரே பல்லு, தம்பி. ஒரே இனம். இருக்கிற கல்லுக்கு ஏத்தமாதிரி ஓடு மாறும். உயிர் இருக்கா எண்டுகூட நீங்க பாக்கல்லயே?"

"அப்ப வேலை, மிஸ்?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவர் பதில் சொன்னது: க்ர்ர்.

வேலை போயிற்று; நான் கதை எழுத வந்தது அப்படித்தான். இன்றும் ஒரு வரி வராமல் கதிரையில் உட்கார்ந்தபடியே உறைந்து கிடந்தால், மனைவி பின்னால் வந்து பிடரியில் தண்ணீர் தெளிக்கிறாள். உடனே குசினி அடுப்படியிலிருந்து மாமியின் குரல்:

"அசையுதா, மகள்?"