கறுப்பு கிரீஸ்

வாசல் கதவு மறுபடியும் கிறீச்சிட்டது. அடுப்படியிலிருந்து ஸ்வீட்டி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"எங்க மாமா கெளம்பிட்டிய?"

"எங்கயும் இல்ல. சும்மா தொறந்து பாத்தேன்."

அவள் வாடிய முகத்தோடு திரும்பிப் போனாள். மருமகளுக்கு இந்தச் சத்தம் ஆகவில்லை என்று ஆபிரகாம் முடிவு செய்தார். மனைவி இறந்து, மகனோடு இருக்க மும்பையின் இந்தச் செம்பூர் வீட்டுக்கு வந்ததிலிருந்து தாமும் இங்கே ஒரு வேண்டாத சத்தம்தான் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. தம்மை ஒன்றும் செய்ய முடியாது. கதவையாவது சரி செய்யலாம்.

கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். அன்று சாயங்காலம் கதவு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எறும்பு சாரை சாரையாக வந்தது. சத்தம் முன்னைவிடப் பலமாக வந்தது.

"எண்ணெ நிக்க மாட்டேங்கு, ஜெப்ரி."

"விடுங்கப்பா. பழைய கதவு," என்றான் மகன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போனில் புலம்பியதைக் கேட்டு, தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதர் வேல்ராஜ் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே பென்சில் கரி போல மினுங்கும் கறுப்பு.

"டென்ஷன் எடுக்காதிய அண்ணாச்சி. இது மாலிப்டினம் சல்பைடு போட்ட கிரீஸு. உள்ள சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டே போவும். சூட்டுக்கும் போவாது, தண்ணிக்கும் போவாது."

"துணியில பட்டா?"

"அப்பவும் போவாது."

மறுநாள் ஜெப்ரி வேலைக்குப் போனதும் பூசினார். கதவு ஊமையானது. ஆனால் கீலிலிருந்து கறுப்பு விரலுக்கு வந்தது. விரலிலிருந்து கைப்பிடிக்கு, திரைக்கு, கொடியில் காய்ந்த ஸ்வீட்டியின் வெள்ளைச் சர்ச் சேலைக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பொட்டளவு இருந்த கறை தட்டளவு ஆனது. அவர் அதோடு போராடிக்கொண்டிருக்கையில், லேசாகிவிட்ட கதவு காற்றுக்குத் தானே திறந்தது. பூனை வந்து பொரித்த மீனைத் தூக்கிப் போனது.

ஸ்வீட்டி வந்து பார்த்தாள். சேலையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். உள்ளே தேய்க்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

கதவுக்கு ஒரு நல்ல கொண்டி வாங்கி மாட்டிவிட்டால் பூனையாவது வராது. வெளியே நடந்தார். கதவு மூச்சு விடவில்லை.

இரும்புக் கடை இருந்த இடத்தில் கடை இல்லை, மெட்ரோ தூண் நின்றது. இந்த ஊரில் எது இருந்த இடத்தில் இருக்கிறது? திரும்பி நடந்தால் வீடு வர வேண்டும். மேம்பாலம் வந்தது. இன்னும் நடந்து, கால் வலித்து, ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்தபோது பக்கத்து வீட்டு மாரீஸ்வரி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"இங்கயா இருக்கிய பெரியப்பா."

"ஸ்வீட்டி அழுதாளா?"

"இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கா. ஜெப்ரி அண்ணன் லீவு சொல்லிட்டு வந்துட்டு. ஆளுக்கொரு ரோட்டுல அலையுதோம்."

"ஒரு சேலைக்கா?"

அவள் அவர் கையைப் பிடித்தாள். கறுப்பு அவள் கையிலும் ஒட்டியது.

"சேல போனாலும் கதவு சரியாயிட்டுல்லா," என்றார் ஆபிரகாம். "இனிமே சத்தமே வராது."

"போன தடவ நீங்க காணாமப் போனதுல இருந்து, அந்தச் சத்தம் நிக்கக் கூடாதுன்னு ஜெப்ரி அண்ணன்தான் தெனமும் கீலுக்கு உப்புத்தண்ணி ஊத்துது, பெரியப்பா."